எலும்புக்குள் ஒரு முப்புரிக் கயிறு

கொச்சி நகரின் கிழக்கே இருக்கிறது காக்கநாடு. எர்ணாகுளம் மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் அங்கேதான். இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் இளைஞர்கள் காலையும் மாலையும் சீபோர்ட் ஏர்போர்ட் சாலையை நிறைத்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊர் என்றால் ஐ.டி. கட்டடங்கள்தான். அதே ஊரின் கின்ஃப்ரா தொழிற்பூங்காவுக்குள் வேறு மாதிரியான ஆலை ஒன்று ஓடுகிறது. கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் ஜப்பானின் நிட்டா நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய நிட்டா ஜெலட்டின் ஆலை அது. நாம் விழுங்கும் காப்சூலின் மேலோட்டுக்கு வேண்டிய ஜெலட்டின் அங்கே தயாராகிறது.

மூலப்பொருள் எலும்பு. நொறுக்கிய எலும்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் அதன் கடினத்துக்குக் காரணமான கால்சியம் பாஸ்பேட் கரைந்து போய்விடும். எலும்பின் வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் கையால் வளைக்கலாம். ஒஸ்ஸீன் என்று ஆலைக்காரர்கள் சொல்வது அதைத்தான். அதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கழுவி, வெந்நீரில் இட்டால் ஜெலட்டின் நீரில் இறங்கிவிடும்.

வீட்டு அடுப்பிலும் இதே வேலை நடக்கிறது. ஆட்டுக்கால் சூப்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் அது தளதளவென்று கட்டியாக இறுகியிருக்கும். அடுப்பில் வைத்தால் மறுபடியும் நீராக ஓடும். எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போன்றது. சூட்டில் புரிகள் பிரிந்து தனித்தனியே மிதக்கும். ஆறும்போது அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு, நடுவே தண்ணீரைச் சிறைபிடித்துக்கொள்ளும். பிரிந்த கொலாஜனுக்குப் பெயர்தான் ஜெலட்டின்.

அந்த மூன்று புரிகள் எப்படி முறுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டு சொன்னவர் காக்கநாட்டுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் மேற்கே, எர்ணாகுளத்தில் பிறந்தவர். ஜி.என். ராமச்சந்திரன். கண்டுபிடித்த இடம் சென்னை, கிண்டி.

எர்ணாகுளத்துப் பையன்

1922 அக்டோபர் 8 அன்று ராமச்சந்திரன் பிறந்தபோது எர்ணாகுளம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பெயரின் முதலெழுத்தில் கோபாலசமுத்திரம் என்ற ஊர் இருக்கிறது. அப்பா நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர், பின்னாளில் அதன் முதல்வர். கணிதத்தின் மீது மகனுக்கு இருந்த பற்று வீட்டிலிருந்தே வந்தது. அந்தப் பற்றுதான் பின்னால் உயிரியலின் சிக்கல் ஒன்றைக் கோணங்களின் கணக்காக மாற்றியது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் சர் சி.வி. ராமன் இருந்தார். பையனின் திறமையைப் பார்த்த ராமன் அவரைத் தன் துறைக்கே கொண்டுவந்துவிட்டார். படிகங்களின் மீது ஒளியும் எக்ஸ்-கதிரும் விழுந்தால் என்ன ஆகும் என்பதே அவர் அங்கே கற்ற கலை. 1947-ல் டி.எஸ்சி. பட்டம். அடுத்து கேம்பிரிட்ஜின் கேவென்டிஷ் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகள். வூஸ்டர் என்ற படிகவியலாளரின் கீழ் 1949-ல் டாக்டர் பட்டம்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடினார். ராமன் கைகாட்டியது ராமச்சந்திரனை. பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது 30.

கங்காரு வாலும் கொலாஜன் படமும்

புதிய துறை, புதிய எக்ஸ்-கதிர்க் கருவி. எதை ஆராய்வது? அந்த நேரத்தில் பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் உருவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னது ராமச்சந்திரனின் மனதில் தைத்தது.

கொலாஜன் சாதாரணப் புரதம் இல்லை. பாலூட்டிகளின் உடலில் இருக்கும் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கு மேல் அதுதான். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக்குழாயின் சுவர், கண்ணின் கருவிழிப்படலம் என்று இழுவிசையைத் தாங்கவேண்டிய இடமெல்லாம் கொலாஜன் இருக்கிறது. செல்கள் அதை உள்ளே செய்து வெளியே நூற்று விடுகின்றன. பிறகு அந்த நூல்வலையின் மீதே ஊன்றி நிற்கின்றன.

தோலை விடக் கொலாஜனுக்கு நல்ல முகவரி ஏது? பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே, அடையாற்றில், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்கிவந்தது. தோல் பதனிடுதல் என்பதே கொலாஜனை அழுகாமல் நிலைநிறுத்தும் தொழில். அந்த அக்கம்பக்கம் சென்னைக் குழுவுக்குப் பெரிய பலம். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜன் தெளிவான எக்ஸ்-கதிர்ப் படங்களைத் தந்தது.

அந்தப் படத்தில் தசைநாணின் உருவம் தெரியாது. இழை வழியே எக்ஸ்-கதிரைச் செலுத்தினால், உள்ளே ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களில் பட்டுக் கதிர் சிதறும். சில திசைகளில் சிதறிய அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், மற்ற திசைகளில் அழித்துக்கொள்ளும். ஃபிலிமில் விழுவது சில புள்ளிகளும் வளைகோடுகளும்தான். அவற்றின் இடைவெளியை அளந்து, எந்த அடுக்கு இந்த நிழலைத் தந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடவேண்டும். கொலாஜன் படத்தில் ஏறத்தாழ 2.9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியைக் காட்டும் வளைகோடு அழுத்தமாக விழுந்தது. சென்டிமீட்டரில் பத்துக்கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம். 1951-ல் லைனஸ் பாலிங் கண்டு சொன்ன ஆல்ஃபா சுருள் என்ற புரத வடிவில், சங்கிலியில் கோத்த ஒரு அமினோ அமிலத்துக்கு உயரம் 1.5 ஆங்ஸ்ட்ராம். கொலாஜனில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆக, இந்தச் சங்கிலி நன்றாக இழுத்து நீட்டப்பட்டது.

பாலிங்கும் ராபர்ட் கோரியும் அதே 1951-ல் கொலாஜனுக்கும் மூன்று இழை வடிவம் ஒன்றை முன்வைத்திருந்தார்கள். அது நிலைக்கவில்லை.

ராமச்சந்திரனுக்குத் துப்பு கொடுத்தது ரசாயனப் பகுப்பாய்வு. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மற்றவற்றில் பக்கச்சங்கிலி இருக்கும் இடத்தில் கிளைசினுக்கு ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. ஏன் சரியாக மூன்றில் ஒன்று? ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வருகிறது என்று வைத்துக்கொண்டால் விடை கிடைத்துவிடுகிறது. மூன்று சங்கிலிகள் நெருங்கி நிற்கும்போது, ஒவ்வொன்றின் மூன்றாவது அமினோ அமிலமும் கயிற்றின் நடு அச்சை நோக்கித் திரும்பும். நடுவில் ஒரு ஹைட்ரஜனுக்குமேல் இடமில்லை. அங்கே உட்காரக் கிளைசினால் மட்டுமே முடியும்.

1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதை வெளியிட்டார்கள். டி.என்.ஏ. இரட்டைச்சுருள் வெளிவந்து ஓராண்டு கடந்திருந்த நேரம். முதல் மாதிரியில் மூன்று சங்கிலிகளும் ஒன்றுக்கொன்று இணையாக நேராக நின்றன. 1955 செப்டம்பரில் அதைத் திருத்தினார்கள். ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் இடப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன.

கர்த்தாவின் ஊர் சேர்த்தலை, ஆலப்புழைப் பக்கம். தேங்காய் நாரைக் கயிறாகத் திரிக்கும் தொழிலுக்குப் பேர்போன மண். அங்கே கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உருவம் புதிதாக இருக்காது. நாரை ஒரு பக்கமாக முறுக்கிப் புரியாக்குவார்கள். புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். புரி பிரியப் பார்த்தால் கயிறு இறுகும், கயிறு பிரியப் பார்த்தால் புரி இறுகும். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால்தான் தோணியைக் கட்டிய வடம் அவிழ்வதில்லை. நம் குதிகால் தசைநாண் நாம் ஓடும்போது அறுந்துபோகாமல் தாங்குவதற்கும் இந்த எதிர்முறுக்கு துணை நிற்கிறது.

கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் ஆட்சேபம்

1955 நவம்பரில் அதே 'நேச்சர்' இதழில் அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் எழுதினார்கள். டி.என்.ஏ. கிரிக்கேதான். முப்புரி முறுக்கு என்ற அடிப்படையை அவர்கள் ஏற்றார்கள், உள்விவரத்தை மறுத்தார்கள். ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் சங்கிலிகளுக்கிடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு என்றது சென்னை மாதிரி. ஒன்றுதான் இருக்கமுடியும் என்றது கேம்பிரிட்ஜ். இரண்டு பிணைப்புகளுக்கு இடம்கொடுத்தால் சில அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு நெருங்கிவிடுகின்றன என்பது அவர்கள் வாதம்.

நெருக்கம் என்றால் எவ்வளவு நெருக்கம்? இரண்டு கார்பன் அணுக்கள் பிணைப்பு இல்லாமல் எத்தனை ஆங்ஸ்ட்ராம் வரை கிட்ட வரலாம்? இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை அன்று இல்லை. ஆட்சேபத்துக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருப்பதைவிட அந்த விடையையே தேடுவது மேல் என்று ராமச்சந்திரன் முடிவு செய்தார். அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவு அது.

அவரும் மாணவர்களும் அதுவரை உருவம் கண்டறியப்பட்ட சிறு மூலக்கூறுகளின் படிகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வகை அணுச்சோடியும் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பட்டியலிட்டார்கள். கார்பனும் கார்பனும் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கலாம், அரிதாக 3.0 வரை. ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் 2.0, அரிதாக 1.9. ஆக்சிஜனும் ஆக்சிஜனும் 2.7, அரிதாக 2.6. இப்படி எல்லாச் சோடிகளுக்கும் இரண்டிரண்டு எல்லைகள் கிடைத்தன.

இந்தப் பட்டியல் கொலாஜனுக்கு மட்டும் உரியதல்ல, எந்தப் புரதத்துக்கும் பொருந்தும். அங்கிருந்துதான் அடுத்த தாவல்.

இரண்டு கோணங்கள், ஒரு வரைபடம்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அடுத்தடுத்த இரண்டை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு முறுக்கமுடியாதபடி விறைப்பானது. அதைச் சுற்றியுள்ள ஆறு அணுக்கள் ஒரே தளத்தில் கிடக்கின்றன. அதை ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டு என்று நினைத்துக்கொள்ளலாம். இரண்டு சீட்டுகளை மூலையோடு மூலை சேர்த்து நூலால் முடியுங்கள். அந்த முடிச்சுதான் ஆல்ஃபா கார்பன். இப்போது இடது சீட்டை அதன் இடத்திலேயே திருப்பலாம், வலது சீட்டையும் தனியாகத் திருப்பலாம். ஒரு திருப்பத்தின் கோணத்துக்கு ஃபை என்றும் மற்றதற்கு சை என்றும் பெயர். ஒவ்வொரு முடிச்சிலும் இந்த இரண்டு கோணங்களைச் சொல்லிவிட்டால் சங்கிலியின் முதுகெலும்பு எப்படி வளைகிறது, சுருள்கிறது என்பதை வரைந்துவிடலாம்.

ஒவ்வொரு கோணமும் 360 பாகை சுற்றும். பத்துப் பத்துப் பாகையாக நகர்த்தினாலே 36 பெருக்கல் 36, அதாவது 1,296 நிலைகள். எல்லா நிலையும் சாத்தியமா? சீட்டுகளைத் திருப்பும்போது ஒன்றின் ஓரத்திலிருக்கும் ஆக்சிஜன் அடுத்ததன் ஹைட்ரஜனில் போய் முட்டும். முட்டுகிறதா இல்லையா என்று சொல்லத்தான் அந்தத் தூரப் பட்டியல் இருக்கிறதே! சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் ராமச்சந்திரனோடு இந்தக் கணக்கில் இறங்கினார்கள். இன்று ஒரு மடிக்கணினி கண்மூடித் திறப்பதற்குள் செய்து முடிக்கும் வேலையை அவர்கள் மேசைக் கணக்கியில் எண்களைத் தட்டித் தட்டிச் செய்தார்கள். ஒவ்வொரு நிலைக்கும் எல்லா அணுச்சோடிகளின் தூரத்தையும் கணக்கிட்டு, பட்டியலோடு ஒப்பிட்டு, இடிப்பவற்றைத் தள்ளிவிட்டு வந்தார்கள்.

மிஞ்சியவற்றை ஒரு சதுரத்தில் குறித்தபோது ஆச்சரியமான படம் தெரிந்தது. சதுரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெறுமை. அணுக்கள் இடித்துக்கொள்ளும் அந்தப் பரப்பில் எந்தச் சங்கிலியும் வசதியாக நிற்கமுடியாது. மீதிப் பரப்பு சில தீவுகளாகத் திரண்டு நின்றது. ஒரு தீவில் ஆல்ஃபா சுருள் உட்கார்ந்திருந்தது. இன்னொரு தீவில் பட்டுநூலில் காணப்படும் பீட்டா அடுக்கு. கொலாஜனின் நீட்டிய சங்கிலியும் அந்தத் தீவில்தான் இருந்தது. பக்கச்சங்கிலி இல்லாத கிளைசினுக்கு மட்டும் சதுரத்தில் பாதிக்குமேல் திறந்து கிடந்தது. வளையம் கட்டிக்கொண்ட புரோலின் என்ற அமினோ அமிலத்துக்கோ ஒடுங்கிய ஒரு பட்டைதான். கொலாஜனில் கிளைசினைப் போலவே புரோலினும் ஏராளம். இரண்டும் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கும் இங்கே ஒரு விடை இருந்தது: ஒன்று நடுவில் இடம் கொடுக்கிறது, மற்றது சங்கிலியை விறைப்பாக நிறுத்துகிறது.

1963-ல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்குலர் பயாலஜி' இதழில் ஐந்தே பக்கங்களில் இது வெளிவந்தது. உலகம் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கிறது.

அந்த ஆண்டில், அணு அணுவாக உருவம் தெரிந்த புரதங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். ஜான் கெண்ட்ரூ மயோகுளோபினின் உருவத்தை விரிவாகக் கண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பிறகு ஒவ்வொரு புரதமாக உருவம் தெரியத் தெரிய, அவற்றின் கோணங்கள் கிண்டியில் கணக்கிட்ட அதே தீவுகளுக்குள் போய் விழுந்தன. பார்ப்பதற்கு முன்பே வரைந்த வரைபடம் இது.

யார் சொன்னது சரி?

கொலாஜன் வழக்குக்கும் தீர்ப்பு வந்தது. 1968-ல் ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும் ஒரு புது யோசனையை எழுதினார்கள்: சங்கிலிகளுக்கிடையே நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று, இன்னொரு பிணைப்பு நடுவே ஒரு நீர் மூலக்கூறைத் தரகராக வைத்து. 1994-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோர்டி பெல்லா, மார்க் ஈட்டன், பார்பரா பிராட்ஸ்கி, ஹெலன் பெர்மன் ஆகியோர் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு மூலக்கூறைப் படிகமாக்கி, 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் படம்பிடித்தார்கள். மூன்று புரி, எதிர்முறுக்கு, நடுவில் கிளைசின் எல்லாம் அப்படியே இருந்தன. நேரடிப் பிணைப்பு மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்றுதான். அதில் ரிச்சும் கிரிக்கும் சொன்னது சரி. புரிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலம் கட்டியிருந்தன. அது சென்னை யோசித்த வழி. கயிற்றின் அடிப்படை உருவத்தை முதலில் கண்ட பெருமை ராமச்சந்திரனுக்கும் கர்த்தாவுக்கும் உரியது.

அந்த ரட்கர்ஸ் மூலக்கூறில் ஒரு சிறப்பு உண்டு. நடுவில் ஒரே ஓர் இடத்தில் கிளைசினை எடுத்துவிட்டு, ஒரு படி பெரிய அலனினை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் புரிகள் விலகி, முறுக்கு சற்றுத் தளர்ந்து, இடைவெளியில் நீர் புகுந்திருந்தது. சில குழந்தைகளின் உடலில் நடப்பதன் சிறு மாதிரி அது. கொலாஜன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, ஆயிரம் அமினோ அமிலங்களில் ஒரு கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்துவிட்டால், ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்ற நோய் வரலாம். லேசாக விழுந்தாலே எலும்பு முறியும் நோய். கடுமையான வகையில் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே எலும்புகள் முறிந்திருக்கும்.

செல்லுக்குள் கயிறு திரிவதைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். மூன்று சங்கிலிகளும் செல்லின் எண்டோபிளாச வலைக்குள் தயாராகின்றன. ஒரு முனையில் மூன்றும் சேர்ந்து, அங்கிருந்து ஜிப் இழுப்பதுபோல் மறுமுனை நோக்கி முறுக்கிக்கொண்டே போகின்றன. கிளைசின் இல்லாத இடத்தில் ஜிப் திக்கி நிற்கும். நிற்கும் நேரத்தில் செல்லின் என்சைம்கள் பிரிந்து கிடக்கும் பகுதியில் தேவைக்கு மேல் மாற்றங்களைச் செய்துவிடுகின்றன. வெளியே வரும் கயிறு குறைவு, வந்ததும் பழுது.

முறுக்குவதற்கு முன் இன்னொரு வேலையும் நடந்தாகவேண்டும். புரோலின்களில் பலவற்றை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றவேண்டும். இல்லாவிட்டால் உடலின் சாதாரணச் சூட்டிலேயே கயிறு பிரிந்துவிடும். அந்த மாற்றத்தைச் செய்யும் என்சைமுக்கு வைட்டமின் சி தேவை. மாதக்கணக்கில் பழமோ காயோ இல்லாமல் கடலில் போன மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வடிந்ததும், ஆறிய பழைய காயங்கள் மறுபடி திறந்துகொண்டதும் இதனால்தான். ஸ்கர்வி என்ற நோயின் வேர் இந்த முப்புரிக் கயிற்றில் இருக்கிறது.

மீன்களிலும் இந்தக் கணக்கைக் காணலாம். குளிர்கடல் மீன்களின் கொலாஜனில் ஹைட்ராக்சிபுரோலின் குறைவு. அதிலிருந்து எடுத்த ஜெலட்டின் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். நம் வெப்பக்கடல் மீன்களுடையது அதைவிடத் தாக்குப்பிடிக்கும். கொச்சி வில்லிங்டன் தீவில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தில், குப்பையாகப் போகும் மீன்தோலிலிருந்தும் செதிலிலிருந்தும் கொலாஜனையும் ஜெலட்டினையும் பிரித்தெடுக்கும் ஆய்வுகள் நடந்துவருகின்றன.

நிழல்களிலிருந்து உடலுக்கு

ராமச்சந்திரன் 1970-களின் தொடக்கத்தில் சென்னையை விட்டு பெங்களூருக்குத் திரும்பினார். இந்திய அறிவியல் கழகத்தில் அவர் தொடங்கிய மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவு இன்றும் இயங்குகிறது. 1971-ல் அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வேறொரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பொருளைச் சுற்றிலும் பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து அதன் உள்உருவத்தை எப்படித் திரும்பக் கட்டுவது என்பதே பொருள். நிழல்களை வந்த வழியே திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினால் படம் கலங்கலாக வரும். பரப்புவதற்கு முன் ஒவ்வொரு நிழலையும் ஒரு கணித வடிகட்டியில் செலுத்திவிட்டால் கலங்கல் தெளியும், கணக்கும் வேகமாக முடியும் என்று காட்டினார்கள். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-ல் இந்த வழியைத் தொட்டிருந்தார்கள். எக்ஸ்-கதிர் நிழல்களுக்கு அதைக் கொண்டுவந்தது பெங்களூர்க் கட்டுரை. அதே 1971 அக்டோபர் 1 அன்று, லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்பவர் உருவாக்கிய கருவி முதல் நோயாளியின் மூளையை சி.டி. ஸ்கேன் எடுத்தது.

சி.டி. ஸ்கேன் படத்தைக் கட்டும் மென்பொருள் பாடங்களில் ராம்-லாக் வடிகட்டி என்ற பெயர் தவறாமல் வரும். ராம் என்பது ராமச்சந்திரன், லாக் என்பது லட்சுமிநாராயணன்.

1961-ல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, 1999-ல் படிகவியலின் உயரிய விருதான எவால்ட் பரிசு. நோபல் பரிசு அவருக்கு வரவில்லை. கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயோடு போராடி, 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். கர்த்தா அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய், 1967-ல் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் ரிபோநியூக்ளியேஸ் என்சைமின் உருவத்தைக் கண்டவர், 1984-ல் மறைந்தார்.

நம் பாடநூல்களில் இரட்டைச்சுருளுக்கு வண்ணப்படம் உண்டு, வாட்சனும் கிரிக்கும் உண்டு. அதற்கு அடுத்த ஆண்டில், நம் ஊர் ஆய்வகத்தில், நம்மவர்கள் கண்ட முச்சுருளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. வரைபடத்தின் கதையை ஆசிரியர்கள் இரண்டு சீட்டையும் ஒரு நூலையும் வைத்தே வகுப்பில் சொல்லிவிடலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

உலகப் புரத உருவ வங்கி 1971-ல் ஏழு உருவங்களோடு தொடங்கியது. 2023-ன் தொடக்கத்தில் அது 2 லட்சத்தைத் தாண்டியது. ஓர் ஆய்வாளர் புதிதாக ஒரு புரதத்தின் உருவத்தை அங்கே சேர்க்கும்போது, வங்கி ஒரு சோதனை அறிக்கை தருகிறது. இத்தனை சதவீதம் அமினோ அமிலங்கள் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே விழுகின்றன என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். அந்த எண் பெரிதாக இருந்தால் ஆய்வாளர் தன் வேலையை மறுபடி பார்க்கவேண்டும். ஆல்ஃபாஃபோல்டு போன்ற செயற்கை நுண்ணறிவு ஊகிக்கும் உருவங்களையும் இதே வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

அந்த வங்கி எல்லோருக்கும் இலவசம். காக்கநாட்டிலோ காரைக்குடியிலோ இருக்கும் பள்ளி மாணவர் கைபேசியிலேயே அதைத் திறந்து, ஆங்கிலத்தில் 1, சி, ஏ, ஜி என்ற நான்கு எழுத்துகளைத் தட்டலாம். பெர்மன் குழு 1994-ல் படம்பிடித்த கொலாஜன் மூலக்கூறு திரையில் வரும். ஒவ்வொன்றும் 30 அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று சங்கிலிகள். விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நுனியிலிருந்து நோக்கினால் நடுவில் வரிசையாகக் கிளைசின்கள் தெரியும். 1954-ல் கிண்டியில் இரண்டு பேர் அவற்றை வைத்த இடத்தில்தான் அவை இருக்கின்றன.